எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி பேசியவை

மனகோலப் பலகாரத்துக்கு மாவு பிழிகிறவள் நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியாது. கண் எண்ணெய்ச் சட்டியில் இருக்கும், கை பிழிகிற உரலை அழுத்திக்கொண்டிருக்கும். எங்கள் பலகாரக் கூடத்தில் என்னையும் சேர்த்து எட்டுப் பெண்கள். நாங்கள் மனசு விட்டுப் பேசியதெல்லாம் அந்த நேரத்தில்தான். சாப்பிட வட்டமாக உட்காரும்போது ஒருத்தியும் வாயைத் திறந்ததில்லை. எதிரே உட்கார வைத்து முகத்தைப் பார்த்து "உனக்கு என்ன கஷ்டம், சொல்லு" என்று கேட்டால், எங்கள் பக்கத்துப் பெண் யாராக இருந்தாலும் "ஒண்ணுமில்லக்கா" என்றுதான் சொல்வாள்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர் எனக்கு. வயது 41. எடை 84 கிலோ. நல்ல கறுப்பு. நிறத்தையும் எடையையும் நானே சொல்லிப் பழகியிருக்கிறேன். முப்பது வருடமாக அதை அடுத்தவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்தார். 1998-ல் அந்த வீட்டில் ஒரு கல்யாணம். எனக்கு 14 வயது. முகப்பில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுக்க இரண்டு பெண் பிள்ளைகள் வேண்டும் என்றார்கள். நானும் வேலைக்கார வீட்டுப் பிள்ளைகள் வேறு இரண்டு பேரும் பாவாடை தாவணி கட்டித் தயாராக நின்றோம். அந்த வீட்டு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "நீ ரெண்டாங்கட்டுல இருத்தா, இலை நறுக்கிக் கொடு" என்றார். ரெண்டாங்கட்டு என்றால் வீட்டின் உள்பக்கம். அதட்டவில்லை. கன்னத்தைத் தொட்டு, அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால்தான் அது எனக்கு அவ்வளவு ஆழமாகப் போனது என்று இப்போது நினைக்கிறேன். திட்டியிருந்தால் கோபம் வந்திருக்கும். அன்பாகச் சொன்னதை நான் நியாயம் என்றே எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாரும் சொல்லாமலே அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

2014-ல் இரண்டாவது பிள்ளை பிறந்தான். பிள்ளை பெற்ற முதல் சில நாள்களில் காரணம் இல்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். எனக்குச் சரியாகவில்லை. இரண்டு மாதமாகியும் பிள்ளை அழுதால் தூரத்தில் யாரோ அழுவதுபோல் இருந்தது. ராத்திரி பிள்ளை தூங்கினாலும் நான் தூங்கவில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஐந்து மாதத்தில் 12 கிலோ குறைந்தேன்.

என் வாழ்நாளில் நான் அதிகம் பாராட்டு வாங்கியது அந்த ஐந்து மாதத்தில்தான். "பிள்ளை பெத்த உடம்பு மாதிரியே இல்ல." "இப்பத்தான் முகத்துக்கு ஒரு களை வந்திருக்கு." மதினி தனியாகக் கூப்பிட்டு, அப்படி என்னதான் சாப்பிடுகிறாய், எனக்கும் சொல் என்று கேட்டார். நான் சிரித்துவைத்தேன். செத்தால் தேவலை என்று தினமும் நினைத்துக்கொண்டிருந்தவளிடம் ஊரே கூடி நன்றாக இருக்கிறாய் என்றது. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. உடம்பைப் பார்த்தே நலம் விசாரித்துப் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

அதனால் என் வீட்டிலும் கூடத்திலும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது இளைத்து வந்தால் அழகாக இருக்கிறாய் என்று சொல்வதில்லை, பெருத்து வந்தால் கிண்டல் செய்வதில்லை. "சாப்பாடு இறங்குதா? தூக்கம் வருதா?" என்று மட்டும் கேட்கிறோம். உடம்பு இளைப்பதற்குச் சர்க்கரை, தைராய்டு, காசநோய், மனச்சோர்வு என்று எத்தனையோ காரணம் உண்டு. பாராட்டி முடித்துவிட்டால் இதில் ஒன்றும் வெளியே வராது.

என்னைக் குன்றக்குடிக்குக் கூட்டிப் போனார்கள். மலை ஏறி முருகன் முன்னால் நின்றபோது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். அப்புறம் ஒரு கோடாங்கியிடம் போய் மந்திரித்த கயிறு கட்டினார்கள். வீட்டில் ஒருவர் பொறுக்க முடியாமல், "இப்படியே இருந்தா ஏர்வாடிக்குத்தான் அனுப்பணும்" என்றார். எங்கள் பக்கத்தில் இது வெகு காலமாக இருக்கிற வசவு. அது என்ன வசவு என்று தெரிந்துதான் சொல்கிறார்களா தெரியவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். ராமநாதபுரம் மாவட்டம் எங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. அந்தப் பேரைக் கேட்ட நாளிலிருந்து, வாயைத் திறந்தால் கட்டிப் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் நான் இன்னும் மூடிக்கொண்டேன். மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2018-ல் அது நடைமுறைக்கு வந்தது. எனக்கு உடம்பு சரியில்லாதபோது அந்தச் சட்டம் இல்லை, ஆனால் அந்த வசவு இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள்.

என்னைத் திறந்தது ஒரே ஒரு கேள்வி. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா, அட்டையில் எழுதிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "பிள்ளையைத் தூக்கும்போது உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டார். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை, எடை எவ்வளவு என்று கேட்கவில்லை. நான் அரை மணி நேரம் அழுதேன். அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "இது வியாதிம்மா, இதுக்கு மருந்து இருக்கு" என்றார். அந்த இரண்டையும் அதற்கு முன் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் டாக்டர் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும், ரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை என்றார். மாத்திரை கொடுத்தபோது இரண்டு விஷயம் சொன்னார். வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், மூன்றாம் நாளே ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதே. நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் நீயாக நிறுத்தாதே. முதலாவதைக் கேட்டேன், இரண்டாவதைக் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் பலகாரம் சுடப் போகிற அளவுக்குத் தெம்பு வந்ததும் மாத்திரையை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ஒன்றரை மாதத்தில் எல்லாம் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக.

ஏன் நிறுத்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும். தெம்பு வந்தது, பசி வந்தது, எடையும் ஏறியது. "பழையபடி ஆயிட்டியே" என்றார்கள். ஒரு பேச்சுக்காக ஒரு மருந்தை விட்டேன். இரண்டாம் தடவை போனபோது டாக்டரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மருந்தை மாற்றிக் கொடுத்தார். சில மருந்துகள் எடையை ஏற்றும், சிலது அவ்வளவு ஏற்றாது. நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து சாப்பிட்டு, அப்புறம் அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் கூட வந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார், ஆனால் வராமல் இருந்ததும் இல்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

கூடம் ஆரம்பித்து நாலாவது வருடம் 23 வயதுப் பிள்ளை ஒருத்தி வேலைக்கு வந்தாள். காலனியிலிருந்து வருகிறவள். அதிரசத்துக்கு அவள் பாகு எடுத்தால் பதம் தவறாது. ஒரு நாள் பெரிய ஆர்டர் கொடுக்க வந்தவர், கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே, "பலகாரம் யார் யார் கையில சுடுறீங்க?" என்று கேட்டார். என்ன கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. "எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த தடவை அவர் வருகிறார் என்றதும், அந்தப் பிள்ளையைப் பின்னால் போய்ப் பாத்திரம் எடுத்துவைக்கச் சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன். தோளைத் தொட்டுச் சொன்னேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் அது என்ன என்று உறைத்தது. இலை நறுக்கிக் கொடு என்று எனக்குச் சொன்ன அதே குரல், அதே தொடுகை. என் நிறத்துக்காக எனக்குச் செய்ததை, அவள் பிறப்புக்காக நான் அவளுக்குச் செய்தேன்.

உடனே மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவள் முகம் மாறிக்கொண்டிருந்தது. நிஜமாகவே தோல் மாறியது. கன்னம் சிவந்து, மெலிந்து, அடுப்பு அனலில் எரிகிறது என்றாள். கேட்டால், நிறம் வருவதற்குப் பெயர் ஒட்டாத ஒரு டப்பா களிம்பு. தோல் டாக்டர் பார்த்ததுமே ஸ்டீராய்டு கலந்தது என்று சொல்லிவிட்டார். முதல் சில வாரம் பளிச்சென்று காட்டும், அப்புறம் தோலை மெலிய வைத்து, வெயில் பட்டாலே எரியவைக்கும். திடீரென்று நிறுத்தினாலும் பொங்கிக்கொண்டு வரும், அதனால் டாக்டர் சொல்கிற மாதிரிதான் நிறுத்த வேண்டும். 2020-ல் பெரிய நிறுவனம் ஒன்று தன் கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. எங்கள் பக்கத்துச் சின்னக் கடைகளில் பெயரே இல்லாத டப்பாக்கள் அப்படியேதான் இருக்கின்றன. எந்தக் களிம்பாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காவிட்டால் முகத்தில் தடவாதீர்கள்.

அவளிடம் பேசியதும் சட்டிக்கு முன்னால்தான். நான் பிழிய, அவள் அரித்து எடுத்தாள். "அன்னைக்கு உன்னைப் பின்னால போகச் சொன்னது தப்பு. அவருக்காகச் செஞ்சேன், செஞ்சிருக்கக் கூடாது" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். என் கதையை எடுத்து அவள் மேல் போடவில்லை. மன்னிப்புக் கேட்கும்போது நம் கஷ்டத்தையும் சேர்த்துச் சொன்னால், எதிரே இருப்பவள் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். அவள் வெகு நேரம் பேசவில்லை. இரண்டு ஈடு எடுத்த பிறகு, "காலைல எந்திரிக்கவே தோண மாட்டேங்குதுக்கா" என்றாள்.

நான் நேராகக் கேட்டேன். "செத்துடணும்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிட்டுவிடுவோமோ என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். தூண்டாது, அடக்கி வைத்திருப்பவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். எனக்கு டாக்டர் சொல்லித் தந்தது அது. "சில ராத்திரி" என்றாள். அடுப்பை அணைத்தோம். அன்றைக்கு அவளைத் தனியாக விடவில்லை. 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டோம். டெலி மானஸ் என்று 2022 அக்டோபர் 10-ஆம் தேதி அரசு தொடங்கிய சேவை, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசுகிறார்கள். அவளே பேசினாள். நான் கூப்பிடு தூரத்தில், காது கேட்காத இடத்தில் நின்றேன்.

அவள் அம்மாவுக்கு இருந்த பெரிய பயம் போலீஸ். தப்பித்தவறி ஏதாவது செய்துகொண்டால் கேஸ் போட்டு அலைய விடுவார்களே என்று அழுதார். அந்தக் காலம் மாறிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. இதைச் சொன்ன பிறகுதான் மருத்துவமனைக்கு அனுப்பச் சம்மதித்தார்.

அப்புறம் இன்னொன்று புரிந்தது. மருத்துவமனைக்குப் போ என்று சொல்வது சுலபம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி 500 ரூபாய் போய்விடும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் மேலே ஆகும். மாத்திரை இலவசம், ஆனால் அதை வாங்கப் போகிற நாள் இலவசம் இல்லை. என்ன கரிசனமாகப் பேசினாலும் இதைச் சரி செய்யாமல் பேசுவது பாதிப் பேச்சு. இப்போது எங்கள் கூடத்தில் மாதம் ஒரு மருத்துவமனை நாள் கூலியோடு உண்டு. எதற்குப் போகிறாய் என்று கேட்பதில்லை. பல்வலிக்கும் போகலாம், மனசுக்கும் போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்கள் குறிப்பிட்ட நாளில் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவைத்தால் அலைச்சல் மிச்சம்.

எங்களிடம் பலகாரம் வாங்குகிற ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஒரு நாள் ஒரு பழைய பட்டியலைப் படித்துக் காட்டினார். 1930 டிசம்பரில் இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டமாக இருந்தபோது ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட எட்டுத் தடைகள். ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். தங்கம் வெள்ளி போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, முடி வெட்டக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேல் உடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, "எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் பூ வைக்காது. பிடிக்காதுன்னு நெனச்சிருந்தோம்" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. உடம்பைப் பற்றிய கூச்சம் என்று நாம் தனித்தனியாகத் தூக்கிச் சுமப்பதில் எத்தனை பேருக்கு ஊரே சேர்ந்து ஏற்றிவைத்த பாரம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அவளுக்கு "தன்னம்பிக்கையா இரு" என்று மட்டும் சொல்வது எப்படிப் போதும்?

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் ஓர் ஆச்சி. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த வளவு, ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளுகிற வீடு. அதில் இரண்டு அறை தவிர மற்றதெல்லாம் பூட்டு. பிள்ளைகள் வெளிநாட்டில். வாரா வாரம் கால் கிலோ சீப்புச்சீடைக்குப் போன் செய்வார், முக்கால் மணி நேரம் பேசுவார். போன தடவை வாங்கியது அப்படியே டப்பாவில் இருப்பதை ஒரு நாள் பார்த்தேன். "பசிக்கலத்தா, மேலெல்லாம் வலி, எல்லாம் மறந்து மறந்து போகுது, வயசாச்சுல்ல" என்றார். வயதானவர்களுக்கு மனச்சோர்வு இப்படி வலியாகவும் மறதியாகவும்கூட வரலாம், அதற்கும் மருந்து உண்டு. அவருடைய மகனுக்குப் போன் செய்து சொன்னேன், அடுத்த மாதமே வந்து டாக்டரிடம் காட்டினார்.

ஆச்சி 34 வயதில் புருஷனை இழந்தவர். அதன் பிறகு எந்த விசேஷத்திலும் முகப்புக்கு வந்ததில்லை. அவ்வளவு பெரிய வீடு அவருடையது, அவரும் இரண்டாங்கட்டில்தான் நின்றிருக்கிறார். அதைச் சொன்ன நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையத் தொட்டுப் பேசி எத்தனை மாசமாச்சுத்தா" என்றார். இப்போது பலகாரம் கொண்டுபோகிறவர்கள் அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார்கள்.

போன தீபாவளிக்கு அந்த ஆர்டர்காரர் திரும்ப வந்தார். அந்தப் பிள்ளை முன்னால்தான் பாகு கிண்டிக்கொண்டிருந்தாள். அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். "அதிரசம் முழுக்க இந்தப் பிள்ளை கைதான், காலனிப் பிள்ளை" என்று சொன்னேன். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று போனவர் வரவில்லை. நாற்பது கிலோ ஆர்டர். அந்த மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது.

எங்கள் எட்டுப் பேரில் ஒருவர் இன்னும் தன் டம்ளரைத் தனியாக வீட்டிலிருந்து கொண்டுவருகிறார். நல்ல மனுஷி, என் பிள்ளை பிறந்தபோது ராத்திரி ராத்திரியாகக் கூட இருந்தவர். நான் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன், முகம் கொடுக்கவில்லை. வருகிற வாரம் தேன்குழல் ஆர்டர் இருக்கிறது. அவரை உரல் பிழிய உட்காரச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் நின்று அரித்து எடுக்கலாம் என்றிருக்கிறேன்.